ஈஸ்ட் விங் இடிப்பு: வேகத்துக்கு முழு மார்க், வரிசைக்கு முட்டை

விருந்து அரங்கம் கட்டுவதற்காக வெள்ளை மாளிகையின் கிழக்குப் பக்கக் கட்டடமான ஈஸ்ட் விங்கை டிரம்ப் அரசு இடித்தது சரியா, தப்பா என்ற சண்டை அமெரிக்காவில் கட்சி வாரியாகப் பிரிந்து நிற்கிறது. அதற்குள் நாம் போகவில்லை. பழைய அரசுக் கட்டடத்தில் ஒரு பகுதியை மட்டும் எடுத்து, மீதியை அலுங்காமல் நிறுத்துவது தனித் தொழில். அதற்கென்று வேலை வரிசை உண்டு, கருவி உண்டு, தாள்கள் உண்டு. அந்தத் தொழில் தெரிந்தவர்கள் கண்ணால் 2025 அக்டோபரில் வாஷிங்டனில் நடந்த வேலையைப் பார்த்தால் எவ்வளவு தேறும் என்பதுதான் இந்த மதிப்பீடு. அங்கே வரப்போகும் விருந்து அரங்கம் அழகாக இருக்குமா என்பது இதில் சேராது.

முதலில் இடிபட்டது எது என்பதில் குழப்பம் வேண்டாம். 20 டாலர் நோட்டின் பின்பக்கம் இருக்கும் நடுக்கட்டடத்துக்கு 1792-ல் அடிக்கல் நாட்டினார்கள். அதன் வெளிச்சுவர் வர்ஜீனியாவின் அக்வியா கிரீக் மணற்கல். ஈஸ்ட் விங் அதைவிட ஒரு நூற்றாண்டுக்கு மேல் இளையது. 1902-ல் தியோடர் ரூஸ்வெல்ட் காலத்தில் மக்கிம், மீட் அண்டு ஒயிட் நிறுவனம் கிழக்குப் பக்கத்தில் விருந்தினர் வாசல் ஒன்றைக் கட்டியது. வருபவர்கள் கோட்டும் தொப்பியும் கழற்றி வைக்க அதோடு ஒரு நீள அறை. 1942-ல், போர் நடக்கும்போது, பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அதைப் பெரிதாக்கி இரண்டு மாடி அலுவலகமாக மாற்றினார். வடிவமைத்தவர் லொரென்சோ வின்ஸ்லோ. நிலத்துக்கு அடியில் கட்டிய பதுங்கு அறையை மறைப்பதும் அந்தக் கட்டடத்தின் வேலை. போர்க்காலத்தில் இது வீண் செலவு என்று குடியரசுக் கட்சிக்காரர்கள் அப்போதே கத்தினார்கள். கோட்டு அறை அதே ஆண்டு சிறிய திரையரங்கமானது. 1977-ல் ரோசலின் கார்ட்டர் அங்கே தனக்கென்று அலுவலகம் வைத்துக்கொண்டதிலிருந்து அதிபரின் மனைவிக்கு அதுதான் இடமாக இருந்தது. மாளிகையைச் சுற்றிப் பார்க்க வரும் பொதுமக்கள் நுழைந்ததும் அந்த வழியாகத்தான்.

மாளிகையையும் அலுவலகத்தையும் இணைத்த தூண் வரிசைக்குத் தனிக் கதை. அதிபர் ஜெபர்சன் காலத்தில் கிழக்கே ஒன்று இருந்தது, 1866-ல் அதை எடுத்துவிட்டார்கள், 1902-ல் திரும்பக் கட்டினார்கள். ஆக, இருநூறு வருஷத்துச் சுவரை உடைத்துவிட்டார்கள் என்பது பொய். அது சும்மா ஓர் ஆபீஸ்தானே என்பதும் அதே அளவுக்குப் பொய். 1902-ன் வேலைமேல் 1942-ன் வேலை ஏறி, இரண்டும் ஒன்றோடொன்று கோத்து நின்ற கட்டடம் அது. 1960-ல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட மாளிகையோடு ஒட்டியும் இருந்தது. இப்படிப்பட்ட கட்டடத்தை எடுக்கக் கூடாது என்று தொழிலில் சட்டம் எதுவும் கிடையாது. எப்படி எடுக்க வேண்டும் என்பதற்குத்தான் முறை உண்டு.

நடந்தது இது. 2025 ஜூலை 31 அன்று 90,000 சதுர அடியில், 650 பேர் உட்காரும் அரங்கம், செலவு 20 கோடி டாலர் என்று அறிவிப்பு வந்தது. புதுக் கட்டடம் பழையதின் பக்கத்தில்தான் வரும், அதைத் தொடாது என்று டிரம்ப் அன்றைக்குச் சொன்னார். அக்டோபர் 20, திங்கட்கிழமை, எக்ஸ்கவேட்டர் கிழக்கு முகப்பைக் கடிக்கத் தொடங்கியது. முழுக்கட்டடமும் போகிறது என்பது புதன்கிழமைதான் வெளிப்படையானது. வியாழக்கிழமை செயற்கைக்கோள் படத்தில் அந்த இடத்தில் செங்கல் குவியல்தான் இருந்தது. மத்திய அரசு அலுவலகங்கள் பட்ஜெட் இல்லாமல் மூடிக் கிடந்த வாரம் அது.

நாலு நாளில் இரண்டு மாடிக் கட்டடம், அதுவும் உள்ளே ஆட்சி நடந்துகொண்டிருக்கும் வளாகத்தில். வேகத்தில் குறை சொல்ல முடியாது. வேலை நகர்ந்த திசையும் சரி: தள்ளி, கருவூலத் துறைக் கட்டடத்தின் பக்கம் இருக்கும் முனையில் ஆரம்பித்து மாளிகையை நோக்கி வந்தார்கள். சரிவது எல்லாம் வெளிப்பக்கம் விழும், நிற்க வேண்டிய சுவர்மேல் பாரம் ஏறாது. தண்ணீர் பீய்ச்சித் தூசியை அமுக்கியதும் படங்களில் தெரிகிறது. இந்த மூன்றுக்கும் மார்க் கொடுத்துவிடலாம்.

இனி மார்க் குறையும் இடங்கள். பழைய கட்டடத்தில் எக்ஸ்கவேட்டர் வருவது கடைசிப் படி. அதற்கு முந்தைய படிகளில்தான் தரம் இருக்கிறது, நாளும் அங்கேதான் செலவாகும்.

ஆவணம் எடுப்பது முதல் படி. ஈஸ்ட் விங்கை டிஜிட்டல் ஸ்கேன் செய்ததாகவும் படம் எடுத்ததாகவும் வெள்ளை மாளிகை வரலாற்றுச் சங்கம் சொல்லியிருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் லேசர் ஸ்கேன் கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பை மட்டும்தான் படிக்கும். பூச்சுக்குப் பின்னால் 1902-ன் செங்கல் எங்கே முடிந்து 1942-ன் வேலை எங்கே தொடங்குகிறது, அடைத்த கதவு எது, உத்தரம் எந்தச் சுவரில் எவ்வளவு ஆழம் உட்கார்ந்திருக்கிறது என்பதெல்லாம் அதில் வராது. அதனால் இந்த வேலைக்கு ஸ்கேன் இரண்டு தடவை தேவை. கட்டடம் புழக்கத்தில் இருந்தபடியே ஒன்று. ஓடு, பலகை, மரவேலை, மின்சாமான், தொங்குகூரை எல்லாம் கழற்றி, பூச்சைச் சில இடங்களில் கொத்தி எடுத்தபின் இன்னொன்று. இரண்டாவதில்தான் கட்டடம் எப்படிக் கட்டப்பட்டது என்பது பிடிபடும். ஒவ்வோர் அறையிலும் பெயின்டை அடுக்கு அடுக்காகச் சீவி மாதிரி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். சாந்தை அமிலத்தில் கரைத்து, சுண்ணாம்பு போனபின் நிற்கும் மணலைச் சலித்துப் பதிவு செய்ய வேண்டும். ஜன்னல், கதவு, படி, கைப்பிடி எல்லாவற்றுக்கும் முழு அளவு வரைபடம். இவ்வளவும் வெறும் பழமைப் பித்து இல்லை. பின்னால் யாராவது ஒரு துண்டைத் திரும்பக் கட்ட நினைத்தால் வேறு வழியே கிடையாது.

அமெரிக்காவுக்கு இதில் சாக்குச் சொல்ல இடமில்லை. வரலாற்றுக் கட்டடங்களைப் பதிவு செய்வதற்கென்றே 1933-லிருந்து ஓர் அரசுத் திட்டம் அங்கே ஓடுகிறது. அளந்து வரைந்த படம், எழுத்து வரலாறு, குறைந்தது 4-க்கு 5 அங்குல நெகட்டிவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், எல்லாம் 500 வருஷம் தாங்கும் தாளிலும் படச்சுருளிலும் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. அந்தப் பதிவுகளை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் நூலகத்தில் யாரும் பார்க்கலாம். ஹார்டு டிஸ்க்கில் கிடக்கும் ஸ்கேன் கோப்பு இருபது வருஷத்தில் திறக்காமல் போகலாம் என்பதால்தான் அந்தத் திட்டம் இன்னும் காகிதத்தை விடவில்லை.

கழற்றி எடுப்பது அடுத்தது. முகப்பு உடைபடும்போது ஜன்னல்கள் சுவரோடு சேர்ந்தே நொறுங்கியதும் துண்டுகள் தரையில் கிடந்ததும் படங்களில் இருக்கின்றன. வரலாற்று மதிப்புள்ள சில பொருள்களைப் பத்திரப்படுத்தியதாக வெள்ளை மாளிகைத் தரப்பு சொன்னது. இருக்கலாம். ஆனால் மேலும் கீழும் தள்ளித் திறக்கும் பழைய மர ஜன்னலைக் காப்பாற்றுவது பெரிய வித்தை இல்லை. சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே உறைந்த பெயின்டை மெல்லிய கத்தியால் அறுக்க வேண்டும். உள்பக்க வரிச்சட்டத்தை நெம்பி எடுத்தால் கீழ்க்கதவு வெளியே வரும். கயிற்றை அவிழ்த்து எதிர்எடைகளைப் பெட்டியிலிருந்து எடுத்தபின், நிலையைச் சுவரோடு பிடித்திருக்கும் ஆணிகளை ரம்பத்தால் வெட்டினால் நிலையும் முழுதாகக் கையில் வரும். ஒவ்வொரு துண்டிலும் அறை எண், சுவரின் திசை, வரிசை எண் எழுதிய தகடு இருக்க வேண்டும். தகடு இல்லாத ஜன்னல் குடோனில் வெறும் விறகு. சுத்தியல், நெம்புகோல், இரண்டு தச்சர் போதும். இதைக்கூடச் செய்யாமல் இயந்திரத்தை விட்டது சோம்பேறித்தனம். இந்தத் தலைப்புக்கு பத்துக்கு இரண்டு.

அடுத்தது ஆஸ்பெஸ்டாஸ், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் நார்ப்பொருள். 1942-ல் அமெரிக்காவில் கட்டிய கட்டடம் என்றால் வெந்நீர்க் குழாயின் சுற்றுக்கட்டு, கொதிகலன் உறை, தரை ஓடு, அதை ஒட்டிய பசை என்று நாலைந்து இடத்தில் அதைத் தேடிப் பார்த்தே தீர வேண்டும். மத்தியச் சுற்றுச்சூழல் விதி கறார். இடிப்புக்கு 10 வேலை நாள் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். குழாயில் 260 அடி நீளம் அல்லது மற்ற பாகங்களில் 160 சதுர அடியைத் தொட்டால், கையால் பொடியாகக்கூடியதை எல்லாம் இயந்திரம் வருவதற்கு முன்னால் நனைத்து, கழற்றி, கசியாத பையில் கட்டி, ஒட்டுத்தாளோடு அனுப்ப வேண்டும். செப்டம்பரிலேயே அகற்றும் வேலை நடந்ததாக வெள்ளை மாளிகை சொன்னது. செனட்டர் எட் மார்க்கி இடிப்பு நிறுவனத்துக்கே கடிதம் எழுதி, எப்படி அகற்றினீர்கள் என்று கேட்டார். தொழில் முறைப்படி இந்தக் கேள்வியே எழக் கூடாது. ஆய்வு அறிக்கை, மாதிரிச் சோதனை முடிவு, அகற்றியபின் எடுத்த காற்று அளவு, குப்பைக் கிடங்கின் ரசீது ஆகிய நாலு தாளையும் முதல் நாளே வேலியில் ஒட்டிவிட்டால் பாதி வாய் அடைந்துவிடும். தூசிக்கு அடிக்கும் தண்ணீர் இதற்கு மாற்றாகாது. ஆஸ்பெஸ்டாஸை எடுக்காமல் இடித்தால், நனைத்தாலும் மொத்தக் குவியலும் கலப்படக் குப்பையாகிவிடும், லாரிக்கு லாரி தனிக் கிடங்குக்கு அனுப்ப வேண்டி வரும்.

இனிதான் இந்த வேலையின் உயிர்நாடி: ஒட்டு. நிற்கப்போகிற கட்டடமும் போகப்போகிற கட்டடமும் தொட்டுக்கொள்ளும் அந்தச் சில அடி. தளம், கூரை, உத்தரம், குழாய், மின்கம்பி எல்லாம் அங்கே ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருக்கும். முதலில் இணைப்புகளை மாளிகைப் பக்கமே துண்டித்து மூட வேண்டும். பிறகு நிற்க வேண்டிய பக்கத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். அதன்பின் ஒட்டிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி, தளத்தையும் சுவரையும் வைர ரம்பத்தாலோ வைரக் கம்பியாலோ தண்ணீர் விட்டு மேலிருந்து கீழாக அறுத்து இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளி விழுந்தபின்தான் மறுமுனையில் இயந்திரம் இறங்கலாம். மாளிகையோடு ஒட்டிக் கிடக்கும் கடைசித் துண்டு கைவேலை: உளி, சிறு சுத்தியல், ஆள்.

ஏன் இவ்வளவு பயம்? எக்ஸ்கவேட்டரின் தாடை கான்கிரீட் தளத்தைப் பிடித்து இழுத்தால், தளத்துக்குள் இருக்கும் கம்பி அறுவதற்கு முன்னால் மறுமுனையை இழுக்கும். மறுமுனை மணற்கல் சுவரில் சொருகியிருந்தால் கல்லின் விளிம்பு சில்லாகத் தெறிக்கும். அக்வியா கல் மென்மையானது, நீரை உறிஞ்சும். அதனால்தான் கட்டும்போதே சுண்ணாம்பு அடித்தார்கள், அந்த வெள்ளையே பெயராகவும் நிலைத்தது. சில்லு விழுந்த இடத்தில் வண்ணப்பூச்சு உடைந்து மழைநீர் இறங்கும். குளிர்காலத்தில் அந்த நீர் உறைந்தால் அடுத்த அடுக்கும் உரியும். அத்தோடு, இதுவரை கூரைக்குள் இருந்த சுவர்ப்பரப்பு திடீரென்று வெயிலுக்கும் மழைக்கும் வருகிறது. ஒட்டை அறுத்த அன்றைக்கே அதற்குத் தற்காலிக மறைப்பும் மேல்விளிம்பில் நீர்த்தடுப்புத் தகடும் போட வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான். சேதம் அடுத்த மழைக்காலத்தில் தெரிய வரும்போது ஒப்பந்தக்காரர் பில் வாங்கிப் போயிருப்பார்.

அதிர்வுக்கும் கணக்கு உண்டு. பழமையான கட்டடங்களுக்கு ஜெர்மனியின் டின் 4150 தரநிலை அஸ்திவார மட்டத்தில், தாழ்ந்த அதிர்வெண்ணில், அதிர்வின் வேக வரம்பை நொடிக்கு 3 மில்லிமீட்டர் என்று வைத்திருக்கிறது. சாதாரண வீட்டுக்கு அனுமதிப்பது 5. அதிர்வு மானியைச் சுவரடியில் பொருத்தி, வரம்பில் முக்கால்பங்கு வந்ததும் மணி அடிக்கும்படி வைப்பது வழக்கம். இருக்கிற விரிசல் ஒவ்வொன்றின்மேலும் அளவுத் தகடு ஒட்டி, இடிப்புக்கு முன் சில வாரமாவது அளவு எடுத்திருக்க வேண்டும். வெயிலுக்கும் குளிருக்கும் விரிசல் தானாகவே திறந்து மூடும். அந்த இயல்பான அசைவு தெரியாவிட்டால், இடிக்கும்போது வந்த அசைவு எது என்று யாராலும் சொல்ல முடியாது.

வேறெந்தக் கட்டடத்தோடும் ஒப்பிடத் தேவையில்லை, இதே வளாகத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1948-ல் மாளிகையின் உள்தளம் பியானோ காலுக்கே இடம்கொடுத்து உடைந்தது. அப்போதைய அதிபர் ட்ரூமனின் குடும்பம் எதிரே இருக்கும் பிளேர் ஹவுசுக்குப் போனது. 1949-ல் காங்கிரஸ் ஒரு குழு அமைத்தது. வெளிச்சுவரை மட்டும் நிறுத்திவிட்டு உள்ளே மொத்தத்தையும் எடுத்து, எஃகுச் சட்டம் போட்டார்கள். அதற்குமுன் சுவருக்கு அடியில் துண்டு துண்டாகக் குழி தோண்டி, சரளை மட்டம் வரைக்கும் கான்கிரீட் தூண் இறக்கினார்கள். உள்ளே புல்டோசர் தேவைப்பட்டபோது, சுவரில் பெரிய ஓட்டை போடக் கூடாது என்பதால் அதைப் பிரித்துக் கொண்டுபோய் உள்ளே பூட்டினார்கள். ட்ரூமன் 1952 மார்ச் 27 அன்று திரும்பி வந்தார். செலவு 57 லட்சம் டாலர் அளவில் முடிந்தது.

அந்த வேலையும் சுத்தமில்லை. பழைய மரவேலையில் நிறைய மண்ணுக்குள் போனது. செங்கல்லும் ஆணியும் ஞாபகார்த்தத் துண்டுகளாக மக்களுக்கு விற்கப்பட்டன. பழமை என்ற அளவில் 1950-ல் இழந்தது 2025-ல் இழந்ததைவிட அதிகம் என்பதுதான் எங்கள் கணிப்பு. இப்போதைய ஆதரவாளர்கள் ட்ரூமனைக் காட்டுவது அதனால் முழுக்க அபத்தம் இல்லை. ஆனால் அன்று கட்டடம் விழும் நிலையில் இருந்தது. பணம் காங்கிரஸ் ஒதுக்கியது, மேற்பார்வைக்குக் குழு இருந்தது, கணக்கு பொதுவில் இருந்தது. இடித்ததை மட்டும் ஒப்பிட்டு இதை விட்டுவிடுவது கள்ளாட்டம்.

தாள் வேலைக்கு வருவோம். அரசியல் சூடு பிடித்தது இங்கேதான். 1966-ன் வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு வெள்ளை மாளிகை, காங்கிரஸ் கட்டடம், உச்ச நீதிமன்றம் மூன்றையும் அந்தச் சட்டத்தின் ஆய்விலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. அதனால் சட்டத்தை அப்பட்டமாக மீறிவிட்டார்கள் என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. ஆனால் தலைநகரில் மத்திய அரசின் கட்டுமானத் திட்டங்களைப் பார்த்து ஒப்புதல் கொடுக்கும் தலைநகரத் திட்ட ஆணையம் என்று ஒன்று உண்டு. 2019-ல் டிரம்பின் முதல் ஆட்சியிலேயே, அதே வளாகத்தில் ஒரு சின்ன டென்னிஸ் பெவிலியன் கட்ட அந்த ஆணையத்திடம் போனார்கள். இந்தத் தடவை ஆணையத்தின் தலைவர் வில் ஷார்ஃப், இடிப்புக்கு எங்கள் அனுமதி தேவையில்லை, மேலே எழும்புவதற்குத்தான் தேவை என்று சொல்லிவிட்டார். அவர் வெள்ளை மாளிகையிலேயே பதவியில் இருப்பவர். தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை அக்டோபர் 21 அன்று நிறுத்தி வையுங்கள் என்று கடிதம் கொடுத்தது, வேலை நிற்கவில்லை. தலைநகரக் கட்டடங்களின் வடிவமைப்பைப் பார்க்கும் நுண்கலை ஆணையத்தின் ஆறு உறுப்பினர்கள் அதே மாதக் கடைசியில் பதவி நீக்கப்பட்டார்கள்.

இடிப்புக்கும் கட்டுமானத்துக்கும் தனித்தனி அனுமதி என்று பிரிப்பது தொழிலில் புதிதல்ல. கெட்ட பெயர் எடுத்த பழைய தந்திரம் அது. முதலில் இடத்தைக் காலி செய், பிறகு வரைபடத்தோடு போ, அப்போது ஆணையத்தின் முன் இருப்பது கட்டடமா பள்ளமா என்ற கேள்வி, பள்ளத்துக்கு யாரும் ஓட்டுப் போட மாட்டார்கள். அறக்கட்டளை டிசம்பர் 12 அன்று வழக்குப் போட்டபோது அரசுத் தரப்பு சொன்ன பதில்களில் ஒன்று, இடிப்பு முடிந்துவிட்டதால் அதைப் பற்றிய வாதம் காலாவதி என்பது. நீதிபதி ரிச்சர்ட் லியோன் உடனடித் தடை கொடுக்கவில்லை. திட்டத்தை ஆணையத்திடம் கொடுக்க வைப்பதோடு அப்போது விட்டார். இதனால்தான் நல்ல ஒப்பந்தத்தில், இறுதி வரைபடத்துக்கு ஒப்புதல் வரும்வரை இயந்திரம் உள்ளே வரக் கூடாது என்று தனி வரி எழுதுவார்கள். இந்தத் தலைப்புக்கு முட்டை.

பணத்தைப் பற்றி நீட்ட வேண்டாம். செலவு மதிப்பீடு 20 கோடி, 25 கோடி, 30 கோடி என்று ஏறி, டிசம்பரில் 40 கோடி டாலர். நன்கொடை என்கிறார்கள். பட்டியலில் அமேசான், ஆப்பிள், கூகுள், மெட்டா, மைக்ரோசாஃப்ட், லாக்ஹீட் மார்ட்டின். டிரம்ப் போட்ட வழக்கில் யூடியூப் சமரசமாகக் கொடுத்ததில் 2.2 கோடி டாலர் இந்த அரங்கத்துக்குப் போகிறது. அரசிடம் வேலை எதிர்பார்ப்பவர் கையிலிருந்து அரசுக் கட்டடத்துக்குப் பணம் வந்தால், வேலையின் தரத்தைத் தட்டிக்கேட்கும் வாடிக்கையாளர் யார் என்பதே மங்கிவிடும். ஐந்து மாதத்தில் மதிப்பீடு இரட்டிப்பாவது, வரைபடம் முடியாமல் வேலையைத் தொடங்கியதற்கு வழக்கமான அடையாளம்.

இதே மாதிரி வேலை கைக்கு வரும் பொறியாளர்களும் அதிகாரிகளும் விலைப்புள்ளி கேட்கும்போது இரண்டு வரியைப் பார்த்தால் போதும். உள்கழற்றலுக்கு எத்தனை வாரம், இடிப்புக்கு எத்தனை நாள் என்ற விகிதம் முதலாவது. இடிப்பு நாள்தான் அதிகம் என்றால் அவர் லாரிக்காரர், பாதுகாப்பு வேலை தெரிந்தவர் அல்ல. இரண்டாவது, ஒட்டை அறுப்பதற்குத் தனி விலை போட்டிருக்கிறாரா என்பது. மொத்தச் சதுர அடிக்கு ஒரே விலை என்றால் அறுப்பதற்குப் பதில் இழுக்கப்போகிறார்.

இடிப்புக்குப் பின் அந்த இடத்தில் தொடங்கியது நிலத்தடி வேலை. மாளிகையின் சுவருக்குப் பக்கத்தில் ஆழமாகத் தோண்டும்போது மண் பள்ளத்தை நோக்கி நகரப் பார்க்கும், பக்கத்து அஸ்திவாரம் அதோடு இறங்கப் பார்க்கும். ட்ரூமன் காலத்துத் தூண்கள் சரளை மட்டத்தில் நிற்பது இதற்குப் பெரிய துணை. ஆனால் தோண்டும் மட்டம் அந்த மட்டத்துக்குக் கீழே போனால் அந்தத் துணையும் பத்தாது. பள்ளத்தின் கரையில் தடுப்புச் சுவர், அதற்குள் சாய்வு அளக்கும் குழாய், மாளிகைச் சுவர் நெடுக இறக்கம் அளக்கும் புள்ளிகள், நிலத்தடி நீர்மட்டம் பார்க்கும் கிணறு இவை நாலும் இருக்க வேண்டும். நீரை இறைத்து வறட்டினால் தோண்டாத பக்கமும் இறங்கும். புள்ளிகளை வாரம் ஒரு தடவையாவது அளந்து வரைபடமாகப் போட வேண்டும், ஒரு புள்ளி மற்றவற்றைவிட வேகமாக இறங்கினால் அன்றே தோண்டுவதை நிறுத்த வேண்டும்.